மருட்கையும் எல்லையும்: திரைப்படத்திற் கணினி வரைகலை

தொல்காப்பியர் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் ஒன்றாக மருட்கையை வைத்தனர். மருட்கையாவது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினையும் நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்பது அவர் கண்ட முடிபு. முன்பு கண்டறியாத பொருளும், அளவு கடந்து பெரிதாகிய பொருளும், மிகச் சிறிதாகிய பொருளும், ஒன்று மற்றொன்றாகத் திரிதலும் காண்பார் உள்ளத்தை மருளச் செய்யும் என்பது இதனாற் பெறப்படும். செய்யுளையும் கூத்தையும் நோக்கி எழுந்த இவ்விலக்கணம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பிறந்த திரைப்படக் கலைக்கும் உரைகல்லாக நிற்கத் தக்கது. திரைப்படம் தோன்றிய நாள்தொட்டே மருட்கையை முதலாக வைத்து வளர்ந்த கலையாதலின் என்க.

அக்கலையினுள் இற்றைக்கு அரை நூற்றாண்டின் முன்னர் ஒரு புதிய கருவி புகுந்தது. அது கணினி. எண்களைக் கூட்டவும் பெருக்கவும் ஆக்கப்பட்ட அப்பொறி, ஒளியையும் நிழலையும் எண்களாக்கி, உலகில் இல்லாத பொருளை உள்ளதுபோலத் திரையிற் காட்டும் ஆற்றலைப் படிப்படியாகப் பெற்றது. இன்று அதனாற் காட்டவொண்ணாத பொருள் அரிது. எல்லாவற்றையும் காட்டவல்ல கருவி கைவந்தபின் காண்போரின் வியப்புப் பெருகியதா, குறைந்ததா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா. கருவியின் வரலாற்றையும் அதனாற் செய்யப்பட்ட படங்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கணினி வரைகலை சிறந்து விளங்கிய படங்களுட் பெரும்பாலானவை, அக்கருவியின் எல்லையை நன்கறிந்து, அவ்வெல்லைக்குள் அமையும் பொருளைத் தேர்ந்துகொண்ட படங்களேயாம். எல்லை தளர்ந்த காலத்தில் அத்தேர்வும் தளர்ந்தது. தேர்வு தளரவே வியப்பும் தேய்ந்தது.

கணினிக்கு முன்னரும் திரையில் அற்புதங்கள் நிகழ்ந்தன. பிரான்சு நாட்டு மந்திரவித்தைக் கலைஞராகிய ஜோர்ஜ் மெலியே 1902 இல் ‘சந்திரனுக்கு ஒரு பயணம்’ என்னும் படத்தை ஆக்கி, தோன்றுதல் மறைதல் முதலாய வித்தைகளைத் திரைக்கு உரியனவாக்கினார். 1933 இல் வெளிவந்த ‘கிங் கொங்’ படத்தில் வில்லிஸ் ஓபிரையன், ஏறக்குறைய ஒன்றரை அடி உயரமான பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனித்தனிப் படச்சட்டமாகப் பிடித்து, மாபெருங் குரங்கொன்று உயிர்பெற்று உலாவுவதாகக் காட்டினார். ஒரு செக்கனுக்கு 24 படச்சட்டங்கள் வேண்டும் என்பதை நினைப்பின், அதன் பின்னிருந்த பொறுமை விளங்கும். 1968 இல் ஸ்ரான்லி கூப்ரிக் ஆக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்னும் படத்தில் விண்கலத்துக் கணினித் திரைகளிலே தோன்றும் வரைபடங்களும் கணினியால் வரையப்பட்டன அல்ல, கையால் ஆக்கிய அசைவூட்டப் படச்சுருள்களே அவ்வாறு ஒளிபாய்ச்சிக் காட்டப்பட்டன. அன்று மனிதன் கை கணினியைப் போலச் செய்தது. பின்னர்க் கணினி மனிதன் கையைப் போலச் செய்யக் கற்றது.

அக்கல்வி தொடங்கிய இடம் திரைப்பட நிலையமன்று, பல்கலைக்கழகமாகும். 1963 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆராய்ச்சி மாணவர், ஒளிப்பேனாவினாற் கணினித் திரைமீது கோடுகளை வரையவும் திருத்தவும் உதவும் ‘ஸ்கெற்ச்பாட்’ என்னும் அமைப்பைத் தம் கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆய்வாகச் செய்தளித்தார். 1968 இல் அவர் யூற்றாப் பல்கலைக்கழகத்தை அடைந்து, டேவிட் எவன்சு என்பாரோடு சேர்ந்து பணியாற்றினார். அங்கு பயின்ற மாணவர் குழுவே இத்துறையின் அடிப்படைகள் பலவற்றை வகுத்தது. சிறுசிறு தட்டைத் தளங்களால் ஆக்கப்பட்ட உருவத்தை வளைவுடையதுபோலத் தோன்றச் செய்யும் நிழலிடு முறையை ஆன்றி கூரோ 1971 இல் வெளியிட்டார். வியற்நாமிற் பிறந்த புய் துவொங் போங், பளபளப்பான மேற்பரப்பில் ஒளி தெறிக்கும் புள்ளியைக் கணித்துக் காட்டும் முறையை 1975 இல் வெளியிட்டார். போங்கின் முறையால் தீட்டப்பட்ட பொருள் எதுவாயினும் பிளாஸ்ரிக்கினாற் செய்தது போன்ற மினுக்கத்தைப் பெறும். இது குறையென்று அன்று எண்ணப்பட்டது. அக்குறையே இருபது ஆண்டுகளின் பின் ஒரு கலைச்சிறப்புக்கு வழிகோலியது என்பது பின்னர்க் காட்டப்படும்.

அம்மாணவருள் ஒருவரான எட்வின் கற்மல் தமது இடக்கையை அச்சாக வார்த்து, அவ்வார்ப்பின் மேற்பரப்பை ஏறக்குறைய 350 சிறு தளங்களாகப் பிரித்து, அவற்றின் அளவுகளைக் கணினிக்கு ஊட்டினார். பிரெட் பார்க் என்பாரோடு சேர்ந்து 1972 இல் அவர் ஆக்கிய அக்குறும்படத்திற் கையொன்று விரல்களை மடக்கி விரிக்கின்றது. 1976 இல் வெளிவந்த ‘பியூச்சர்வேர்ல்ட்’ என்னும் படத்தில் அக்கை இடம்பெற்றது. மனிதக் கையை எண்களால் அமைக்கும் முயற்சியே கற்மலின் தொடக்கமாயிற்று என்பதும், பின்னர் அவர் தலைமையில் வளர்ந்த நிலையம் மனிதரை விட்டுப் பொம்மைகளைத் தேர்ந்துகொண்டது என்பதும் ஒருங்குவைத்து நினைக்கத்தக்கன.

மருட்கையின் நான்கு நிலைக்களன்களுள் முதலாவது புதுமை. தொடக்ககாலப் படங்கள் இதனையே பற்றி நின்றன. மைக்கேல் கிரைற்றன் 1973 இல் நெறிப்படுத்திய ‘வெஸ்ற்வேர்ல்ட்’ படத்தில், மனிதவடிவான இயந்திரமொன்று உலகத்தை எவ்வாறு காணும் என்பது சதுரச் சதுரமான வண்ணக் கட்டங்களாற் காட்டப்பட்டது. 1977 இல் ஜோர்ஜ் லூக்கஸ் ஆக்கிய ‘ஸ்ரார் வோர்ஸ்’ படத்தில் லரி கியூபா என்பார் செய்த கணினிக் கோட்டுருவம், போர்வீரர்க்குப் பகைவரின் அரணை விளக்கும் வரைபடமாகத் தோன்றுகின்றது. 1982 இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘ட்ரொன்’ படத்தின் கதை ஒரு கணினியின் உள்ளேயே நிகழ்கின்றது. இம்மூன்றினும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கணினி வரைந்த உருவம் வேறொன்றாக நடிக்கவில்லை. கணினி கணினியாகவே மேடையேறிற்று. இயந்திரத்தின் பார்வையும், இயந்திரத்தின் வரைபடமும், இயந்திரத்தின் அகவுலகமும் செயற்கையாயிருத்தலே இயற்கை. ஆகலின் கருவியின் வறுமை அங்கு குறையாகத் தோன்றவில்லை.

எனினும் ‘ட்ரொன்’ படத்தை இவ்வொரு பொருத்தம் கைதூக்கிவிடவில்லை. அதில் 15 முதல் 20 நிமிடம்வரை முழுதும் கணினியால் ஆக்கப்பட்ட காட்சிகள் இருந்தன. நடிகரின் ஆடைகளில் ஒளிரும் கோடுகளோ பெரும்பாலும் கைத்தொழிலால் ஆக்கப்பட்டன. அதன் நெறியாளர் ஸ்ரீவன் லிஸ்பேர்கர், கணினியைக் கையாளுதல் ஒருவகை ஏமாற்று என்று கருதியே ஒஸ்கார் விருதுக்குரியோர் தமது படத்தின் காட்சித் தந்திரங்களைப் போட்டிக்குத் தெரிவுசெய்யவில்லை எனப் பிற்காலத்திற் கூறினார். அக்கருத்து இன்று நகைப்பை விளைக்கும். ஆயினும் அப்படத்தின் உண்மையான குறை வேறு. கரிய வெளியில் ஒளிக்கோடுகள் கீறிப்பாயும் காட்சி முதன்முறை காணும்போது கண்ணைப் பறிக்கும்; அதனூடு செல்லும் மாந்தரின் இன்பதுன்பமோ காண்பார் நெஞ்சிற் பதிவதில்லை. புதுமையை மட்டும் நிலைக்களனாகக் கொண்ட மருட்கை, புதுமை பழகியவுடன் கழிந்துபோம் என்பதற்கு அஃது ஏற்ற எடுத்துக்காட்டு.

அடுத்து எழுந்தது ஆக்கம். 1979 இல் லூக்கஸ் தமது நிலையத்திற் கணினிப் பிரிவொன்றை அமைத்துக் கற்மலை அதன் தலைவராக்கினார். அப்பிரிவு 1982 இல் ‘ஸ்ரார் றெக் 2’ படத்துக்காக, உயிரற்ற கோளொன்று தீப்பற்றிப் பின் மலையும் கடலுமுடைய உலகாகத் திரியும் காட்சியை ஏறக்குறைய ஒரு நிமிட அளவிற் செய்தது. 1985 இல் ‘யங் ஷேர்லொக் ஹோம்ஸ்’ படத்திற் கோயிற் சாளரத்தின் வண்ணக் கண்ணாடியில் வரையப்பட்ட வீரன் அக்கண்ணாடியோடு கீழே குதித்து வாளுடன் நடந்துவந்தான். கண்ணாடி தட்டையானது, பளபளப்பானது, விறைப்பானது. இம்மூன்றும் அன்றைய கணினிக்கு எளியன. 1989 இல் ஜேம்ஸ் கமரன் ஆக்கிய ‘தி அபிஸ்’ படத்திற் கடல்நீர் ஒரு பாம்புபோல எழுந்து, எதிரே நிற்பாரின் முகத்தைத் தன்மீது ஏற்றுக்காட்டும். ஏறக்குறைய 75 செக்கன் நீளமான அக்காட்சி தோல்வியுறின் அதனை நீக்கினும் கதை குன்றாதவாறு கமரன் முன்கூட்டியே வகுத்திருந்தார். கருவியின் எல்லையை அவர் எத்துணை அஞ்சி அறிந்திருந்தார் என்பதற்கு அதுவே சான்று.

அவ்வறிவின் விளைவை 1991 இல் அவர் ஆக்கிய ‘ரேர்மினேற்றர் 2’ படத்திற் காணலாம். அதிற் பகைவனாக வருவது உருகிய உலோகத்தாலான ஓர் இயந்திர மனிதன். அவன் தரையிலிருந்து எழுவான். பிறர் வடிவத்தை ஏற்பான். துளைபட்டபின் மீண்டும் கூடுவான். கணினியாற் செய்யப்பட்ட பகுதி ஏறக்குறைய 5 நிமிடமே. ஏனையவை ஸ்ரான் வின்ஸ்ரன் குழுவினர் கையாற் செய்த பொறிகளாலும் நடிகர் றொபேர்ட் பற்றிக்கின் உடற்பயிற்சியாலும் அமைந்தன. அப்படத்தின் ஒரு காட்சி சிறப்பாகக் குறிக்கத்தக்கது. அவ்வுலோக மனிதன் இரும்புக் கம்பிகளினூடே உடலை நீராக நெகிழ்த்து நடந்துசெல்கின்றான். உடல் கடந்துவிட்டது, கையிலுள்ள துப்பாக்கி மட்டும் கம்பியிற் சிக்கிக்கொள்கின்றது. அவன் அதனைத் திருப்பி இழுத்துக்கொண்டு செல்கின்றான். உடல் நெகிழும், இரும்பு நெகிழாது என்னும் அச்சிறு நியதியே அக்காட்சியை நம்பவைக்கின்றது. வியப்புக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கற்ற வியப்பைக் காண்போர் உள்ளம் ஏற்பதில்லை.

பெருமையை நிலைக்களனாகக் கொண்டு எழுந்தது 1993 இல் ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்திய ‘ஜுராசிக் பார்க்’. அதன் மூலக்கதையை எழுதியவரும் முன்னர்க் கூறிய மைக்கேல் கிரைற்றனே. ஏறக்குறைய 15 நிமிடமே தொல்விலங்குகள் திரையில் தோன்றும் அப்படத்திற் கணினியாற் செய்யப்பட்டவை ஏறக்குறைய 6 நிமிடமே. முதலிற் பொம்மைகளை அசைத்துப் படம்பிடிக்கவே எண்ணியிருந்தனர். அத்தொழிலில் வல்லவரான பில் ரிப்பெற், கணினியில் ஓடும் விலங்கின் சோதனைப் படத்தைக் கண்டதும், அழிந்துபோன விலங்கினத்தோடு தம்மையும் ஒப்பிட்டுக் கூறிய கூற்றை ஸ்பீல்பேர்க் படத்து உரையாடலிலேயே சேர்த்துவிட்டார். ஆயினும் ரிப்பெற் விலக்கப்படவில்லை. விலங்கின் பாரம் எக்காலில் ஊன்றும், தலை திரும்புமுன் கழுத்து எவ்வாறு அசையும் என்பவற்றைப் பல்லாண்டு கைப்பழக்கத்தால் அறிந்தவர் அவரும் அவர் குழுவினருமே. அவர்கள் அசைக்கும் பொம்மை எலும்புக்கூட்டின் மூட்டுகளில் உணரிகள் பொருத்தப்பட்டன. அவ்வசைவு கணினியுட் புகுந்தது. பழைய கலைஞரின் கையறிவைப் புதிய பொறி தன்னுள் ஏற்ற அந்நிகழ்ச்சியே அப்படத்தின் வெற்றிக்கு ஒரு காரணம்.

மற்றொரு காரணம் நெறியாளரின் அடக்கம். மழை பொழியும் இரவிற் பெருவிலங்கு வேலியைக் கடக்கும் காட்சியில், அது வருமுன் வருவது ஒரு குவளை நீரில் எழும் வட்டமே. அவ்வட்டம் கித்தார் தந்தியொன்றை மீட்டி உண்டாக்கப்பட்டது; கணினிக்கு அங்கு வேலையில்லை. பின்னர்த் தோன்றும் விலங்கும் பாதி வின்ஸ்ரன் குழுவினர் ஆக்கிய ஏறக்குறைய 12 மீற்றர் நீளமான பொறி, பாதி கணினி உருவம். இருளும் மழையும் இரண்டின் பொருத்துவாயை மறைத்தன. பகலில் முதன்முதலாகத் தொல்விலங்கு முழுமையாகத் தோன்றும் காட்சியிலும், ஸ்பீல்பேர்க் விலங்கை முதலிற் காட்டவில்லை. அதனைக் கண்ட அறிஞரின் முகத்தையே முதலிற் காட்டுகின்றார். அவர் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றுகின்றார். அருகிலிருப்பவளின் தலையைத் தம் கையாற் பிடித்துத் திருப்புகின்றார். உள்ளத்து நிகழ்ச்சி உடலிற் புலப்படுதலே மெய்ப்பாடு என்பர். மருட்கை முதலில் மனித முகத்தில் மெய்ப்பாடாகத் தோன்றி, அதன் பின்னரே அதற்குக் காரணமான பொருள் தோன்றுகின்றது. காண்போர் அம்முகத்தின் வழியாகவே அவ்விலங்கைக் கண்டனர்.

எஞ்சிய நிலைக்களன் சிறுமை. லூக்கஸின் கணினிப் பிரிவு 1986 இல் ஸ்ரீவ் ஜொப்சின் முதலீட்டோடு பிக்சார் என்னும் தனி நிறுவனமாயிற்று. அதன் கலைஞர் ஜோன் லசெற்றர் அவ்வாண்டில் மேசைவிளக்குகள் இரண்டைத் தாய் சேய் போல அசையவைத்துக் குறும்படமொன்று செய்தார். முகமில்லாத விளக்கு, தலைசாய்ப்பினாலேயே மகிழ்வையும் நாணத்தையும் காட்டியது. 1988 இல் அவர் செய்த ‘ரின் ரோய்’ என்னும் குறும்படம் ஒஸ்கார் விருது பெற்றது. அதில் வரும் தகரப் பொம்மை உயிருள்ளதுபோல விளங்க, அதனைத் துரத்தும் குழந்தையோ மரக்கட்டைபோலத் தோன்றியது. அக்குழந்தையின் தோலும் மடிப்பும் கணினிக்கு வயப்படவில்லை. இப்பாடத்தைக் கற்றுக்கொண்டே 1995 நவம்பரில் வெளிவந்த ‘ரோய் ஸ்ரோறி’ ஆக்கப்பட்டது. முழுநீளமும் கணினியாலேயே ஆக்கப்பட்ட முதல் திரைப்படம் இதுவே. ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட படச்சட்டங்களுக்காகக் கணினிகள் எல்லாம் சேர்ந்து உழைத்த நேரம் 8 லட்சம் மணித்தியாலம் எனக் கணக்கிடப்பட்டது.

போங்கின் நிழலிடு முறை எப்பொருளையும் பிளாஸ்ரிக்காக்கும் என்று முன்னர்க் கூறப்பட்டது. பொம்மைகள் பிளாஸ்ரிக்கினாலேயே ஆனவை. பிற்கால முறைகள் அதனினும் நுட்பமானவையாயினும், மினுக்கமும் விறைப்பும் உடைய பொருள்களிலேயே கணினி இன்னும் வல்லதாயிருந்தது. அவ்வல்லமையைக் கதையோடு இசைத்ததே அப்படத்தின் பெருமை. தான் உண்மையான விண்வெளி வீரன் என நம்பியிருந்த பஸ் லைற்யியர் என்னும் பொம்மை, தொலைக்காட்சி விளம்பரத்தில் தன்னையொத்த பொம்மைகளைக் கண்டு, தான் விளையாட்டுப் பொருளே என அறிகின்றது. அறிந்தும் நம்பாது பறக்க முயன்று, விழுந்து, கை கழன்று கிடக்கின்றது. செயற்கைப் பொருளொன்று தன் செயற்கைத்தன்மையை உணர்ந்து கலங்கும் அக்காட்சியிற் கருவியின் குறையே கதையின் துயரமாயிற்று. சிறு பொம்மையின் மருட்கையினூடே அழுகைச் சுவை பிறந்தது. அப்படத்து மனிதர் இன்று நோக்கின் அழகற்றவரே. அவர்களை அரிதாகவே காட்டியமை ஆக்கியோரின் தெளிவைப் புலப்படுத்தும்.

இதன்மேல் எல்லைகள் ஒன்றொன்றாக வீழ்ந்தன. நீர், புகை, மயிர், ஆடை யாவும் கணக்கினுள் அடங்கின. இறுதியாக நின்றது மனித முகம். சப்பானிய அறிஞர் மசாஹிரோ மோரி 1970 இலேயே, மனிதனைப் பெரிதும் ஒத்து, முற்றிலும் ஒவ்வாத உருவம் காண்பார்க்கு அருவருப்பை விளைக்கும் என எழுதியிருந்தார். 2001 இல் வந்த ‘பைனல் பன்ரசி’ படமும், 2004 இல் வந்த ‘போலார் எக்ஸ்பிரஸ்’ படமும் அக்கூற்றுக்கு இலக்கியமாயின. முன்னதில் மயிரிழைகள்தோறும் உழைப்புப் பதிந்திருந்தும் கண்களில் உயிரில்லை. பின்னதிற் குழந்தைகளின் முகம் மெழுகினாற் செய்தது போன்றது.

இவற்றுக்கிடையே 2002 இல் வந்த ‘தி ரூ ரவர்ஸ்’ படத்தின் கொல்லம் என்னும் பாத்திரம் வெற்றிபெற்றது எங்ஙனம்? ஒளி தோலின்மேற் பட்டுத் தெறிப்பதோடமையாது, தோலினுட் புகுந்து பரவி வெளிவருவதைக் கணிக்கும் முறை 2001 இல் வெளியாகியிருந்தது. அது தோலுக்கு உயிர்ப்பளித்தது. எனினும் தோல்மட்டும் போதாது. அன்டி சேர்க்கிஸ் என்னும் நடிகர் ஏனைய நடிகரோடு படப்பிடிப்புத் தளத்தில் நின்று அப்பாத்திரத்தை நடித்தார்; நியூசிலாந்தின் வேற்றா நிறுவனத்துக் கலைஞர் அவர் முகக்குறிப்பை நோக்கிக் கொல்லத்தின் முகத்தை அமைத்தனர். அன்றியும், கொல்லம் மனிதனல்லன், மனிதத்தன்மை சிதைந்தவன். ஆகலின் ஒவ்வாமை அங்கு பாத்திரத்தின் இயல்பாயிற்று. அவன் தன்னோடு தானே வழக்காடும் காட்சியில் ஒரே முகத்தில் அச்சமும் வஞ்சமும் மாறிமாறித் தோன்றும். பொருளுக்கும் கருவிக்கும் உள்ள பொருத்தமே இங்கும் வென்றது.

எல்லையைப் புகழ்வது பழமையைப் புகழும் பேதைமை அன்றோ என இங்கு ஓர் ஐயம் எழலாம். எல்லை தானாகவே கலையை ஆக்குவதில்லை என்பது உண்மை. ‘ட்ரொன்’ காலத்துக் கருவியும் எல்லையுடையதே. அப்படம் அதனாற் சிறப்புறவில்லை. எல்லையை அறிந்து தேர்தலே சிறப்பு. அன்றியும், கணினி வரைகலை பெருநன்மை செய்யுமிடங்களில் அது கண்ணுக்குப் புலனாவதேயில்லை. 1994 இல் வந்த ‘பொறஸ்ற் கம்ப்’ படத்திற் போரிற் காலிழந்த வீரனாக நடித்தவரின் கால்கள் கணினியால் அழிக்கப்பட்டன. காண்போர் அத்தந்திரத்தை வியவாது, அவ்வீரனுக்காக இரங்கினர். ஆகவே இங்கு கூறப்படும் குறை கருவியின் வளர்ச்சி பற்றியதன்று. நகரங்கள் அடுக்கடுக்காய் இடிவதும், எண்ணிறந்த படைகள் மோதுவதும் ஆண்டுதோறும் திரையில் நிகழ்கின்றன. ஒரு விலங்கின் வருகையை ஒரு குவளை நீரால் அறிவித்தபோது பிறந்த அச்சம், நூறு விலங்குகள் ஒருங்கே தோன்றும்போது பிறப்பதில்லை. அளவின் பெருக்கத்தைப் பெருமையென மயங்கியதே இதற்குக் காரணம்.

இம்மயக்கத்தாற் கலை மட்டுமன்று, கலைஞரும் துன்புற்றனர். 2012 இல் அங் லீ நெறிப்படுத்திய ‘லைப் ஒப் பை’ தமிழர்க்கும் அணுக்கமான படம். அதன் கதை புதுச்சேரியில் தொடங்குகின்றது; படத்தின் தொடக்கத்தில் ஒலிப்பது பம்பாய் ஜயஶ்ரீ பாடிய தமிழ்த் தாலாட்டு. நடுக்கடலிற் படகொன்றில் இளைஞனொருவனோடு மிதக்கும் புலி, பெரும்பாலான காட்சிகளிற் கணினியாற் செய்யப்பட்டது. மெய்யான புலிகளை நோக்கிப் பயின்றே கலைஞர் அதனை ஆக்கினர். கதை முடிவிற் கரைசேர்ந்த புலி, தன்னோடு துன்புற்றவனைத் திரும்பியும் பாராது காட்டினுட் புகுகின்றது. அது திரும்பாமை அவனை அழவைக்கின்றது; காண்போரையும் கலங்கவைக்கின்றது. இல்லாத விலங்கொன்று செய்யாத செயலாற் பிறந்த அவ்வழுகை, இக்கலை எட்டிய உயர்ந்த நிலைகளுள் ஒன்று.

அப்புலியை ஆக்கிய றிதம் அன்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பெப்ரவரியில் வங்குரோத்து அடைந்தது. இரு வாரங்கள் கழியுமுன், அம்மாதம் 24 ஆம் திகதி, அப்புலிக்காகவே ஒஸ்கார் விருது வழங்கப்பட்டது. மண்டபத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான தொழிலாளர் கண்டனக் குரலெழுப்பினர். விருதேற்றவர் தமது நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியவேளை இசை எழுந்து அவர் பேச்சு மறிக்கப்பட்டது. குறித்த தொகைக்கு ஒப்பந்தஞ் செய்து, இடையறாது திருத்தங்களை ஏற்று, அதிகப்படியான உழைப்பின் செலவைத் தாமே தாங்கும் வழக்கம் அத்தொழிலை நலிவித்தது. எதனையும் எப்போதும் மாற்றலாம் என்னும் வசதி, எதனையும் முன்னரே தீர்மானிக்க வேண்டியதில்லை என்னும் மனப்பான்மையைத் தயாரிப்பாளரிடம் வளர்த்தது. தேர்வின்மையின் விலையைக் கொடுத்தவர் கலைஞர்.

இன்னும் கொடிய வினா மாந்தரின் உருவம் பற்றியது. 1994 இல் இறந்த பீற்றர் குஷிங் என்னும் நடிகரின் முகம், 2016 இல் வெளிவந்த ‘றோக் வண்’ படத்தில் வேறொரு நடிகரின் உடல்மேல் அமைக்கப்பட்டு மீண்டும் தோன்றியது. 2019 இல் மார்ட்டின் ஸ்கோர்செசி ஆக்கிய ‘தி ஐரிஷ்மன்’ படத்தில் முதிய நடிகரின் முகங்கள் இளமையாக்கப்பட்டன. முகம் இளமை காட்ட, நடையும் தோளும் முதுமை காட்டின. மெய்ப்பாடு முகத்தில் மட்டும் தங்குவதன்று, மெய் முழுதும் பரவுவது என்பதை அப்படம் தன் குறையாலேயே நிறுவிற்று. 2023 யூலை 14 முதல் நவம்பர் 9 வரை அமெரிக்க நடிகர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தில், நடிகரின் உருவத்தைக் கணினியிற் படியெடுத்துப் பயன்படுத்த அவர்தம் இசைவும் ஊதியமும் வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. கருவிக்கு எல்லையில்லாதபோது, அறத்தின் எல்லையைச் சட்டத்தாலும் ஒப்பந்தத்தாலும் வகுக்கவேண்டிய நிலை வந்துற்றது.

எனினும் நம்பிக்கைக்கு இடமில்லாமற் போகவில்லை. 2023 இல் சப்பானில் வெளிவந்த ‘கொட்சில்லா மைனஸ் வண்’ படத்தின் நெறியாளர் தகாஷி யமசாகி, கணினிக் காட்சிகளையும் தாமே மேற்பார்த்தார். 35 கலைஞர் செய்த 610 காட்சித் துண்டுகளே அப்படத்தில் உள்ளன. ஹொலிவுட் பெரும்படங்களின் செலவில் அது ஒரு சிறு பகுதியையே கொண்டது. 2024 இல் அதற்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. நெறியாளர் ஒருவரே இவ்விருதைப் பெறுதல் கூப்ரிக்குக்குப் பின் அதுவே முதன்முறை. அப்படத்தின் கதைத்தலைவன் சாவுக்கென அனுப்பப்பட்டும் சாகாது மீண்ட விமானி. போர் முடிந்தும் நாணத்தால் வாழ அஞ்சுபவன். கடலினின்றும் எழும் பெருவிலங்கு அவன் உள்ளத்து அச்சத்தின் வடிவமாகவே நிற்கின்றது. விலங்கு தோன்றாத நேரங்களிலும் கதை தொய்வதில்லை. எங்கு காட்டவேண்டும், எங்கு காட்டலாகாது என்பதைத் தீர்மானித்தவரும் அதனைச் செய்தவரும் ஒருவராயிருந்தமையின், வீணான காட்சிக்கு அங்கு இடமில்லாதாயிற்று.

இதுகாறும் கூறியவற்றாற் போந்த முடிபு இது. முற்காலத்திற் கருவியின் ஆற்றற்குறை கலைஞரைத் தேர்வு செய்யுமாறு வற்புறுத்தியது: இயந்திரக் கண்ணுக்குக் கட்டங்கள், கணினி உலகுக்கு ஒளிக்கோடு, பகைவனுக்கு உலோகம், பெருவிலங்குக்கு இருளும் மழையும், பொம்மைக்குப் பிளாஸ்ரிக் என அவர்கள் தேர்ந்தனர். இக்காலத்தில் அவ்வற்புறுத்தல் இல்லை. ஆதலால், அன்று பொறி விதித்த எல்லையை இன்று கலைஞன் தானே தனக்கு விதித்துக்கொள்ளல் வேண்டும். தொல்காப்பியர் மருட்கையைத் தனித்து நிறுத்தாது, நகை, அழுகை, அச்சம் முதலாய ஏனை ஏழனோடும் ஒருங்கு வைத்தார். வியப்பு ஏனைய உணர்ச்சிகளோடு கூடி வாழ்வது. தனித்துவிடின் விரைவில் வாடுவது. திரைப்படம் பயில விரும்பும் மாணாக்கர் புதிய மென்பொருளின் திறத்தைக் கற்பதோடு, எக்காட்சியை விலக்குவது என்பதையும் கற்பாராயின், அவர் கையில் அக்கருவி மீண்டும் வியப்பை விளைக்கும்.